மாமாவின் டாங்கி வளவைச் சுற்றிய நாள்

அன்றைக்கு எங்கள் வீடுகள் நிற்கிற வளவில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா இருந்தார். உம்மாவின் தம்பி. கத்தாரில் இருந்து லீவில் வந்திருந்தார்.

உம்மா இருந்தார். காலையில் இருந்தே முகம் சரியில்லை.

பெரியம்மா இருந்தார். உம்மாவுக்கு மூத்தவர். நெய்ச்சோற்றுச் சட்டியை விட்டு நகரவில்லை. ஆனாலும் குசினி ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்தார்.

பெரியப்பா இருந்தார். பெரியம்மாவின் புருசன், புடைவைக் கடைக்காரர். நல்ல கதிரை எதுவோ அதில் இருந்தார்.

சாச்சி இருந்தார். உம்மாவின் கடைசித் தங்கை. அன்று குடிபோனது அவருடைய புது வீட்டுக்கு. அவருடைய புருசன் சாச்சாவும் இருந்தார். கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள்தான். எதைக் கேட்டாலும் சிரிப்பார்.

வாப்பா இருந்தார். ஆட்டோவை வளவுக்கு வருகிற ஒழுங்கைப் பாதையின் வாயில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்தார். கூட்டம் அவருக்கு ஆகாது.

ஓட்டமாவடியில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி. மாமாவுக்குத் தன் மகளைக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்.

நான் இருந்தேன். நாலாம் வகுப்பு.

டாங்கி இருந்தது.

டாங்கி என்றால் யுத்த டாங்கி. ஆனால் மாதிரி. ரிமோட்டில் ஓடுவது. கடைகளில் கண்ணாடிக்குள் தொங்குகிற பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் இல்லை. உண்மையான டாங்கியை அளந்து சுருக்கிச் செய்தது. சங்கிலி இரும்பு. சங்கிலிக்குள் ஓடுகிற சில்லும் இரும்பு. தூக்கினால் ஐந்து கிலோ அரிசிப் பை கனம்.

மாமா அதைக் கொண்டுவந்த நாளில் வீட்டில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சாச்சிக்கும் துணி. வாப்பாவுக்குக் கைக்கடிகாரம். பெரியப்பாவுக்கு அத்தர். பால்மா டின், போர்வை, சவர்க்காரம். எல்லாம் பங்கு போட்டு முடிந்த பிறகு ஒரு பெட்டி மிஞ்சியது. அதில் டாங்கியின் படம்.

"இது ஆருக்கு தம்பி?" என்று உம்மா கேட்டார்.

"சும்மா கொணந்தன் ராத்தா," என்றார் மாமா.

சும்மா கொண்டுவருகிற எடை அது இல்லை. அதற்காகப் பால்மா டின் சிலதைக் குறைத்திருக்கிறார் என்று பெரியம்மா பிறகு கணக்குப் பார்த்துச் சொன்னார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். ஒரு அதிகாரி டாங்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மகனுக்கா என்று கேட்டாராம். மாமா ஓம் என்றாராம். மாமாவுக்கு மகன் இல்லை. கலியாணமே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லிப் பெரியப்பா அன்றிரவு சாப்பிட்டு முடியும் வரைக்கும் சிரித்தார்.

"மச்சான் பாலைவனத்துல கிடந்து மறுகா சின்னப் புள்ளயா வந்திரிக்கார்," என்றார்.

மாமா மறுத்துப் பேசவில்லை. அவர் பேசுகிறவர் இல்லை. அங்கே பவுசர், தண்ணீர் ஏற்றுகிற லொறி, ஓட்டுவது அவர் வேலை. நாள் முழுக்க வாகனத்தில் தனியே இருந்து பழகியவர். ஆனால் எனக்கு ஒரு விசயம் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஒரு மைதானத்தில் பெரிய ஆம்பிளைகள் கூடி இப்படி டாங்கி ஓட்டுவார்களாம். நரைத்த தாடி வைத்தவர்களும் இருப்பார்களாம். மணலில் மேடு கட்டி, பள்ளம் வெட்டி, அதில் ஏற்றி இறக்குவார்களாம்.

நீங்களும் ஓட்டினீர்களா என்று கேட்டேன்.

"நான் வேலிக்கு இஞ்சால நிண்டு பாத்தன்," என்றார்.

பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. ஆங்கிலமும் சீனமும். மாமாவுக்கு இரண்டும் தெரியாது. எனக்கும் தெரியாது. படம் இருந்தது. படத்தைப் பார்த்துத்தான் தொடங்கினோம்.

முதல் நாள் சார்ஜரைச் சுவரில் மாட்ட முடியவில்லை. அதற்குச் சதுரக் கால். எங்கள் வீட்டில் வட்ட ஓட்டை. வாப்பா ஆட்டோவில் இருந்து ஏதோ ஒரு பிளக்கை எடுத்து வந்து வயரை வெட்டி மாற்றிக் கொடுத்தார். தேத்தண்ணி குடித்து முடியும் வரைக்கும் பற்றரியைப் போட்டோம். எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். டாங்கி கிணற்றடி வரைக்கும் போனது. நின்றது. பிறகு அசையவில்லை.

பெரியப்பா எழுந்து போய் அதன் முன்னால் குனிந்து, தண்ணி கிண்ணி வேணுமா என்று அதைக் கேட்டார்.

அன்று இன்னொன்றும் நடந்தது. டாங்கிக்குள் சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. இஞ்சின் சத்தம், பீரங்கிச் சத்தம் எல்லாம் அதில் வரும். டாங்கி நின்ற பிறகும் சத்தம் மட்டும் வந்தது. அடுத்த வளவில் யாரோ கதவைச் சாத்தினார்கள். உம்மா குசினியில் இருந்து ஓடி வந்தார். கையில் அகப்பை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் இருத்திவிட்டார். பிறகுதான் அது டாங்கிப் பொம்மை என்று அவருக்கு நினைவு வந்தது போல் இருந்தது.

"நிப்பாட்டு தம்பி," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

மாமா அன்றே மூடியைக் கழற்றி ஸ்பீக்கர் வயரை வெட்டினார். எனக்கு அழுகை வந்தது. டாங்கியில் நல்லதே அந்தச் சத்தம்தான் என்று நினைத்தேன். எங்கள் ஒழுங்கையில் அது யுத்த காலத்தில் நிசமாகக் கேட்ட சத்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த பிறகு கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் டாங்கி ஊமை. சங்கிலி மணலில் அரைபடுகிற சத்தம் மட்டும்தான். அது எனக்குப் பழகிவிட்டது.

பற்றரிக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று புத்தகத்தில் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. கூடப் போட்டால் சுட்டது. குறையப் போட்டால் கிணற்றடியோடு சரி. கடைசியில் ஒரு கணக்குப் பிடித்தோம். மத்தியானம் ளுஹர் பாங்கு சொல்லும்போது போடுவது. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது எடுப்பது. அது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு மாமா பள்ளிவாசலுக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போவார். அஸருக்குப் பாங்கு கேட்டவுடன் நான் ஓடிப்போய்க் கழற்றுவேன். ஒரு நாள் நான் உறங்கிவிட்டேன். பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் கிடந்தது. பற்றரி தொட முடியாத சூடு. உம்மா அதை ஈரச் சாக்கில் சுற்றப் போனார். மாமா தடுத்து, மணலில் தனியே வைத்து ஆறவிட்டார்.

ஒழுங்கும் ஒன்று இருந்தது. முதலில் ரிமோட்டைப் போட வேண்டும். பிறகு டாங்கியை. மாற்றிப் போட்டால் டாங்கி தன்பாட்டுக்குத் துள்ளும். நிறுத்தும்போது முதலில் டாங்கி, பிறகு ரிமோட். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பெரியம்மாவின் பூச்சாடி ஒன்று போனது.

ஆனால் பெரிய பிழை அது இல்லை. பெரிய பிழை எண்ணெய்.

உம்மா தைப்பவர். எங்கள் வீட்டில் எது இறுகினாலும் தையல் மெசின் எண்ணெய்தான். கதவு கிறீச்சிட்டால் அது. சைக்கிள் சங்கிலிக்கு அது. கத்தரிக்கோலுக்கு அது. டாங்கியின் சங்கிலி கொஞ்சம் இறுக்கமாக ஓடுவதைப் பார்த்த உம்மா, தானாகவே போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் அந்த டாங்கிக்குச் செய்த முதல் உதவி அது. மாமாவுக்குச் சந்தோசம். நானும் மாமாவும் ஒரு கண்ணி விடாமல் எண்ணெய் போட்டோம். சில்லுக்குப் போட்டோம். உள்ளே பல்சில்லுக்கும் போட்டோம். பளபளவென்று இருந்தது.

எங்கள் ஊர் மண் தெரியும்தானே. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. நடுவில் இருப்பது எல்லாம் மணல். எண்ணெய் போட்ட டாங்கியை அந்த மணலில் இறக்கினோம். முதலில் நன்றாகப் போனது. பிறகு கரகர என்றது. பிறகு துருப்பிடித்த தேங்காய்த் துருவி மாதிரி ஒரு சத்தம். இடது சங்கிலி நின்றுவிட்டது. வலது சங்கிலி ஓடியது. டாங்கி ஒரே இடத்தில் வட்டமாகக் கிறுகியது. சங்கிலி கழன்று மணலில் விழுந்தது.

பெரியப்பா கடைக்குப் போக வெளிக்கிட்டவர் நின்றார்.

"மச்சான், இது நேரா ஓடப் படைச்சதா, இல்ல ஆட்டுக்கல்லா?" என்று கேட்டார்.

மாமா மணலில் குந்தியிருந்தார். நிமிரவில்லை. "ஓடும்," என்றார்.

"எவ்வளவு தூரம் ஓடும்?"

மாமா எழுந்து நின்றார். பிறகு வளவைச் சுற்றிக் கையைக் காட்டினார். பெரியம்மாவின் வீடு, எங்கள் வீடு, சாச்சியின் புது வீடு. மூன்று வீட்டையும் சுற்றிக் கை படாமல் வரும் என்றார். சாச்சி குடிபோகிற நாளில் எல்லாருக்கும் முன்னால் ஓட்டிக் காட்டுவேன் என்றார்.

"வந்திச்சிண்டா என்ட கடையை எழுதித் தாறன்."

"கடை வாணாம் மச்சான். பாத்தாப் போதும்."

மாமா அவ்வளவு நீளமாகப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து விறாந்தையில் பழைய சீலையை விரித்தோம். மாமா டாங்கியை முழுக்கக் கழற்றினார். ஒவ்வொரு ஸ்குரூவையும் கழன்ற ஒழுங்கில் தேத்தண்ணிக் கோப்பைகளில் போட்டோம். மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவினோம். என் பல் பிரஷ் அதற்குப் போனது. மணல் உதிர்ந்து உதிர்ந்து வந்தது. அன்று வீட்டில் யாருக்கும் கோப்பையில் தேத்தண்ணி இல்லை. உம்மா கிளாசில் கொடுத்தார். ஏசவில்லை. எண்ணெய் கொடுத்தது தான்தானே என்று நினைத்திருப்பார்.

திரும்பப் பூட்டினோம். ஒரு ஸ்குரூ மிஞ்சியது. அது எங்கே இருக்க வேண்டியது என்று இன்றுவரைக்கும் தெரியாது.

கழுவிய பிறகு சங்கிலி தளர்ந்திருந்தது. ஒரு கண்ணியைக் கழற்றிக் குறைக்க வேண்டும். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி. மாமாவின் விரல் தடித்தது. பவுசர் வால்வு பிடித்த விரல். அந்தக் கம்பி அதில் அகப்படவில்லை. நான் உம்மாவின் மெசின் ஊசியை எடுத்து வந்தேன். தட்டினேன். கம்பி வெளியே வந்தது. கண்ணியை எடுத்துவிட்டு இரண்டு நுனியையும் சேர்த்துக் கம்பியைத் திரும்பச் செருகினேன். மாமா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தப் பக்கமும் நீ செய் புள்ள," என்றார்.

அன்றில் இருந்து சங்கிலி என் பொறுப்பு.

எண்ணெய் இல்லாமல் வெறுஞ்சங்கிலியாக ஓட்டினோம். மணல் ஒட்டவில்லை. வந்த மணல் தானாகவே உதிர்ந்தது. அவ்வளவுதான் விசயம். எண்ணெய் உள்ளே, பல்சில்லுக்கு மட்டும். அதுவும் ஒரு சொட்டு.

பிறகு ஓட்டிப் பழகினோம். நின்ற இடத்தில் கிறுக்கித் திருப்பினால் மணல் சங்கிலிக்குள் ஏறி அதைக் கழற்றிவிடும். போய்க்கொண்டே, பெரிய வளைவாகக் கிறுக்க வேண்டும். பவுசரும் அப்படித்தானாம். சங்கிலி பல்லை விட்டு விலகத் தொடங்கினால் ஒரு வெட்டுச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு உடனே நிறுத்தி, மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் சில நேரம் தானாக ஏறிக்கொள்ளும். சில நேரம் ஏறாது. ஏறாவிட்டால் கை வைக்கத்தான் வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஓட்டினோம். முதலில் மாமா ஓட்ட நான் பின்னால் ஓடினேன். பிறகு நான் ஓட்ட மாமா பின்னால் வந்தார். ஒழுங்கையில் போகிறவர்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். ஒரு ஆம்பிளை இந்த வயதில் என்று ஒருவர் சொன்னதை நான் கேட்டேன். மாமாவும் கேட்டிருப்பார்.

பெரியம்மாவின் வீட்டையும் எங்கள் வீட்டையும் சுற்றி வந்துவிட்டோம். மூன்றாவது வீடுதான் கரைச்சல். சாச்சியின் வீட்டு வேலை முடிந்து கொஞ்ச நாள்தான். பின்பக்கம் மிஞ்சின மணல் ஒரு கும்பமும் சல்லி ஒரு கும்பமுமாகக் குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு முழ அகலம்தான் வழி. அங்கே வைத்து ஒவ்வொரு நாளும் சங்கிலி கழன்றது. கும்பத்தை அள்ளிவிடலாம் என்று வாப்பா சொன்னார். மாமா வேண்டாம் என்றார்.

குடிபோகிற நாள் வந்தது. அதே நாளில் ஓட்டமாவடிப் பெரியவரும் வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை பார்த்து வருவார்கள். வீடும் பெண்ணுக்குத்தான். பெண்ணின் வாப்பாவோ அண்ணன் தம்பியோ கட்டிக் கொடுக்க வேண்டும். ஆம்பிளை கலியாணம் முடித்து அங்கே போய்விடுவான். மாமாவுக்கு முன்பும் இரண்டு இடத்தில் பேசி, தள்ளிப் போய், விட்டுப் போனது. இதுவும் போனால் இனி யார் வருவார்கள் என்று உம்மாவுக்கு யோசனை.

காலையில் உம்மா விறாந்தைக்கு வந்தார். மாமா டாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இண்டைக்கு மட்டும் அதக் கட்டிலுக்குக் கீழ வை. வாறவங்க என்ன நினைப்பாங்க? மாப்புள்ளைக்குப் புத்தி சரியில்ல எண்டு செல்ல மாட்டாங்களா?"

"நான் ஒண்டும் களவெடுத்துக் கொண்டு வரல்ல ராத்தா," என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. டாங்கியைத் துடைப்பதையும் நிறுத்தவில்லை.

உம்மா போய்விட்டார். முகம் சரியில்லை என்று சொன்னேனே, அது இதனால்தான்.

பெரியவர் அஸருக்குப் பிறகுதான் வருவார் என்றார்கள். அதற்கு முன் ஓட்டி முடித்துவிடலாம் என்று மாமா கணக்குப் போட்டார். காலையிலேயே பற்றரியைப் போட்டோம். வீட்டில் ஓதி, துஆ கேட்டு முடிந்தது. பிறகு எல்லாரும் வெளியே வந்தார்கள். பெரியப்பாவின் கதிரையையும் யாரோ தூக்கி வந்தார்கள். மாமா சாரனும் பெனியனுமாக நின்றார். சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டிருந்தார். ரிமோட்டைப் போட்டார். நான் டாங்கியைப் போட்டேன். பெரியம்மாவின் வாசற்படியில் இருந்து அது புறப்பட்டது.

பெரியம்மாவின் வீடு ஓட்டு வீடு. முருங்கை மரத்தடியால் போய், கழுவுகிற கல்லைத் தாண்டி, பின்பக்கத்தால் சுற்றியது. வேர் ஒன்றில் ஏறி இறங்கியது. சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். பெரியப்பா கத்தவில்லை. கால் மேல் போட்டிருந்த காலை எடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டு மூலைக்கு வந்தபோது ஒழுங்கை வாயில் வாப்பாவின் ஆட்டோ ஹோர்ன் அடித்தது. வாப்பா காரணம் இல்லாமல் ஹோர்ன் அடிக்க மாட்டார். திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி. பெரியவர் நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார்.

எல்லாரும் எழுந்தார்கள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டார். மாமா பெனியனோடு நிற்கிறார். கையில் ரிமோட். டாங்கி போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் அவ்வளவுதான். பெரியப்பாவுக்கு வருசம் முழுக்கச் சிரிக்க அது போதும்.

மாமா என் தோளில் இருந்த சட்டையை எடுத்தார். ரிமோட்டை என் கையில் வைத்தார்.

"நிப்பாட்டாத புள்ள. ஓட்டு."

ஓட்டினேன். எங்கள் வீடு சீற்றுக் கூரை போட்ட வீடு. பின்னால் தண்ணீர் வடிகிற வாய்க்கால் ஒன்று உண்டு. அதைக் குறுக்கே வெட்டாமல் சரிவாக இறக்கினேன். ஏறியது. எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளைகள் என்று நினைத்தேன். பார்த்தால் பெரியவர். கதிரை போட்டும் அவர் இருக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டாங்கிக்குப் பின்னால் வருகிறார். அவருக்குப் பின்னால் வீட்டார் எல்லாரும் வருகிறார்கள்.  மாமா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வருகிறார்.

பெரியவரின் நிழல் டாங்கியின் மேல் விழுந்தது. எனக்கு எரிச்சல். கொஞ்சம் தள்ளி வாருங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் தானாக நின்று எங்கள் வீட்டுச் சுவரில் கை வைத்தார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

சாச்சியின் வீட்டுக்கு வந்தோம். கொங்கிரீட் பிளேட் போட்ட வீடு, பூச்சு இன்னும் இல்லை. பின்பக்கம். மணல் கும்பம், சல்லிக் கும்பம், நடுவில் ஒரு முழம். பெரிதாக வளைக்க அங்கே இடம் இல்லை. மெதுவாகக் கொண்டுபோனேன். பாதி தாண்டியது. வெட்டுச் சத்தம் வந்தது. இடது சங்கிலி.

நிறுத்தினேன்.

"போச்சு," என்றார் பெரியப்பா.

ரிமோட்டை மாமாவிடம் நீட்டினேன்.  மாமா வாங்கவில்லை. கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒனக்குத் தெரியும்தானே," என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். உம்மா என்னைப் பார்த்தார். நான் டாங்கியை மட்டும் பார்த்தேன். சங்கிலி முழுக்க விழவில்லை. பல்லின் விளிம்பில் நின்றது. நான் போட்ட கம்பிதான் அதில் இருக்கிறது. அது விடாது என்று எனக்குத் தெரியும். பின்னுக்கு எடுத்தேன். விரல் அசைந்ததா இல்லையா என்று தெரியாத அளவு. ஒரு சாண். இன்னும் கொஞ்சம். மணல் உதிர்ந்தது. டக் என்றது. ஏறிவிட்டது.

  சல்லிப் பக்கம் கொஞ்சம் ஏற்றி, சரிந்து, வெளியே எடுத்தேன். பிறகு நல்ல மண். மூலையில் பெரிய வளைவு. முன்பக்கம். திரும்பப் பெரியம்மாவின் வாசற்படி. டாங்கியின் மூக்கு படியில் முட்டியது. முதலில் டாங்கியை நிறுத்தினேன். பிறகு ரிமோட்டை. ஒழுங்கு அது.

கை படவில்லை. யாருடைய கையும் படவில்லை.

பெரியவர்தான் முதலில் பேசினார். "இத ஓட்டின புள்ள ஆரு?" என்றார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனாலும் மாமாவிடம் கேட்டார்.

"என்ட மருமகள்," என்றார் மாமா.

அவர் அதைச் சொன்ன விதம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எனக்குப் பிறகு யார் யாரோ நல்ல பெயர் சொல்லியிருக்கிறார்கள். நான் தைத்த கலியாண உடுப்பைப் பற்றிக் கொழும்பில் இருந்து பேசியிருக்கிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்கு அது கிட்டவும் வராது.

பெரியவர் வளவைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். ஓட்டு வீடு, சீற்று வீடு, பிளேட் வீடு.

"இதெல்லாம் ஆரு கட்டின?"

மாமா குனிந்து டாங்கியின் மணலைத் தட்டினார். பெரியப்பாதான் சொன்னார். அவர் குரலில் சிரிப்பு இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் மச்சான் கட்டினதுதான். மீசை முளைக்க முந்திப் போனவர். நான் குடிக்கிற தண்ணி கூட அவர்ட காசில கட்டின கிணத்துல இருந்துதான்."

பெரியவர் தலையை ஆட்டினார். கை கழுவத் தண்ணீர் கேட்டார். சகன் என்கிற பெரிய சோற்றுத் தட்டுகளைச் சுற்றி ஆம்பிளைகள் இருந்தார்கள். பெரியவர் மாமாவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினார். ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்டார்கள். பெரியம்மா குசினி ஜன்னலால் பார்த்துவிட்டு இன்னொரு அகப்பை நெய்ச்சோறு அனுப்பினார். உம்மாவின் முகம் சரியாகிவிட்டது. நான் உள்ளே பெண்களோடு இருந்து சாப்பிட்டேன். மடியில் ரிமோட். கழுவாத கையால் அதைத் தொடவில்லை.

கலியாணம் அந்த லீவுக்குள்ளேயே முடிந்தது. மாமா ஓட்டமாவடிக்கு மாப்பிள்ளையாகப் போனார். இரண்டு பை, ஒரு பெட்டி. பைகளை வாப்பா ஆட்டோவில் ஏற்றினார். பெட்டியை மாமா யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு போனார். பெரியப்பா கடையை எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளைச் சட்டைத் துணி அவர் கடையில் இருந்து வந்தது. இருப்பதில் நல்ல துணி.

டாங்கி இன்னும் ஓடுகிறது. மாமாவின் மகன் ஓட்டுகிறான். விமான நிலையத்தில் சொன்னது பொய்யாகிவிடவில்லை. சங்கிலி கழன்றால் எனக்குத்தான் போன் வரும். போகும்போது மெசின் ஊசி ஒன்று கொண்டுபோவேன்.

அன்று பெரியவர் டாங்கியைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று நான் நினைத்தேன். அவர் சுவரில் கை வைத்தது வீட்டைப் பார்க்க என்று தெரியவில்லை, களைப்பில் என்று நினைத்தேன். மாமா ஏன் மணல் கும்பத்தை அள்ள விடவில்லை, ஏன் கடற்கரையிலோ ஒழுங்கையிலோ ஓட்டிக் காட்டாமல் தான் கட்டிக் கொடுத்த அந்த வீடுகளைச் சுற்றியே ஓட்ட வேண்டும் என்று நின்றார், அதை நான் யோசிக்கவே இல்லை. நான் ஓட்டினேன், சங்கிலி ஏறியது, அவ்வளவுதான் எனக்கு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் நம்பவில்லை. எவ்வளவு தூரம் ஓடியது, அதைச் சொல்லு பார்ப்போம் என்றாள். அடிக்கணக்கு எனக்குத் தெரியாது. வீட்டுக் கணக்குத்தான் தெரியும். அதைச் சொன்னேன்.

மூன்று.